நீலகிரி மலைத் தொடர்வண்டிப் பொறிகளின் எண்ணெய் எரிமுறை மாற்றம்

நீலகிரி மலைத் தொடர்வண்டிப் பொறிகளின் எண்ணெய் எரிமுறை மாற்றம் என்பது, மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் இடையே இயங்கும் எக்ஸ் வகை நீராவிப் பொறிகளில் நிலக்கரி எரிக்கும் அமைப்பை நீக்கி எண்ணெய் எரிக்கும் அமைப்பைப் பொருத்திய பொறியியல் பணியைக் குறிக்கும். இதன் தொடர்ச்சியாகத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனையில் அதே வடிவமைப்பில் புதிய பொறிகள் கட்டப்பட்டதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைக்கப்பட்ட ஒரு பொறியைப் பிற்காலத்து உறுப்புகளைக் கொண்டு தொடர்ந்து இயங்கச் செய்ததற்கு இது இந்தியாவின் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு ஆகும். பழைய பொறி ஒன்றில் எதை மாற்றலாம், எதை மாற்றாமல் காக்க வேண்டும் என்ற கேள்வியையும் இப்பணி எழுப்பியது.

பொன்மலைப் பணிமனை

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவில் தீவாக அமைந்துள்ள திருவரங்கத்திற்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்கிழக்குப் பகுதியில் பொன்மலை அமைந்துள்ளது. இங்குள்ள சிறு குன்றின் பெயரே ஊருக்கும் வழங்குகிறது. கருநாடகப் போர்களின்போது 1753இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே இக்குன்றருகே போர் நடந்தது.

தென்னிந்தியத் தொடர்வண்டி நிறுவனத்தின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இயங்கி வந்தது. அது பின்னர் பொன்மலைக்கு மாற்றப்பட்டு, 1928இல் புதிய பணிமனை செயற்படத் தொடங்கியது. 1951இல் தென்னகத் தொடர்வண்டித்துறை உருவானபோது இது அதன் பணிமனைகளுள் ஒன்றாயிற்று. நீராவிப் பொறிகள், பின்னர் டீசல் பொறிகள், பெட்டிகள், சரக்கு வண்டிகள் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதும் கட்டுவதும் இதன் பணிகளாகும்.

திருச்சிராப்பள்ளி வட்டாரம் கொதிகலன் தொழிலுக்கும் பெயர் பெற்றது. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் தொடங்கப்பட்டது. அதனைச் சுற்றிப் பற்றவைப்புத் தொழிலில் தேர்ந்த பல சிறு பட்டறைகள் வளர்ந்தன.

நீலகிரிப் பாதை மீட்டர் பாதை. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரும் பாதையோ அகலப் பாதை. எனவே நீலகிரிப் பொறி தன் சக்கரங்களில் ஓடிப் பொன்மலைக்கு வர இயலாது. பெரும் பழுதுபார்ப்பு தேவைப்படும்போது அதனை வேறு வண்டியின் மீது ஏற்றியே கொண்டுவர வேண்டும்.

எக்ஸ் வகைப் பொறியின் அமைப்பு

நீலகிரி மலைப்பாதை 46 கி.மீ. நீளமுடையது. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலம் வரை செல்கிறது. இதன் பணிகள் 1891இல் தொடங்கி 1908இல் முடிந்தன. குன்னூர் வரையிலான பகுதி 1899இலேயே திறக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பகுதியில் ஏற்றம் 12க்கு 1 என்ற அளவை எட்டுகிறது. அதாவது 12 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் உயர வேண்டும். மழையில் நனைந்த இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் இவ்வேற்றத்தில் வழுக்கும். எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்சட்டம் பொருத்தப்பட்டுள்ளது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் 1882இல் காப்புரிமை பெற்ற முறை இது. இம்முறையில் இரு பற்சட்டங்கள் அருகருகே, ஒன்றன் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வருமாறு அமைக்கப்படுகின்றன. இதனால் பொறியின் பற்சக்கரம் எந்நேரமும் ஏதேனும் ஒரு பல்லையாவது பற்றியிருக்கும்.

இப்பாதைக்கான எக்ஸ் வகைப் பொறிகளைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்த சுவிஸ் பொறிவண்டி மற்றும் இயந்திர ஆலை கட்டியது. 1914 முதல் 1925 வரையில் 12 பொறிகளும், 1952இல் 5 பொறிகளுமாக மொத்தம் 17 பொறிகள் கட்டப்பட்டன. எட்டு இணைப்புச் சக்கரங்களும் அவற்றின் பின் இரு தாங்கு சக்கரங்களும் கொண்ட இப்பொறி, தனக்கு வேண்டிய நீரையும் எரிபொருளையும் தானே சுமந்து செல்லும்.

ஒரு பொறிக்குள் இரு பொறிகள் அடங்கியிருப்பதே இதன் சிறப்பு ஆகும். மொத்தம் நான்கு உருளைகள் உள்ளன.

* உயரழுத்த உருளைகள் இரண்டும் தண்டவாளத்தின் மீது ஓடும் இணைப்புச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன.
* தாழழுத்த உருளைகள் இரண்டும் நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்றும் பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன.

சமதளப் பகுதியில் உயரழுத்த உருளைகள் மட்டும் இயங்கும். அவற்றிலிருந்து வெளிப்படும் நீராவி நேரே புகைபோக்கி வழியாக வெளியேறும். பற்சட்டப் பகுதிக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் ஓர் அடைப்பிதழைத் திருப்புவார். உயரழுத்த உருளைகளில் ஒருமுறை விரிந்த நீராவி வீணாகாமல் தாழழுத்த உருளைகளுக்குச் சென்று மீண்டும் விரிந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். இது கூட்டு விரிவு முறை எனப்படும். பொறி எப்போதும் வண்டித் தொடரின் தாழ்ந்த பக்கத்தில் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளிச் செல்லும். இறங்கும்போது உருளைகளையே காற்றழுத்திகளாகச் செயற்படுத்தி வேகத்தைத் தணிப்பர்.

நிலக்கரியினால் எழுந்த சிக்கல்கள்

சுவிட்சர்லாந்தில் இப்பொறி வடிவமைக்கப்பட்டபோது தரமான நிலக்கரியே எரிபொருளாகக் கருதப்பட்டது. இந்திய நிலக்கரியில் சாம்பலின் அளவு மிகுதி. பல வகைகளில் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் சாம்பலே ஆகும். இதனால் பின்வரும் சிக்கல்கள் தோன்றின.

* எரிதட்டின் மீது சாம்பல் உருகிக் கட்டியாகிக் காற்று நுழையும் வழியை அடைத்தது. அதனால் தீயின் வீச்சு குறைந்து நீராவியின் அழுத்தம் இறங்கியது. செங்குத்தான ஏற்றத்தில் அழுத்தம் இறங்கினால், அது மீண்டும் ஏறும்வரை வண்டி நின்றாக வேண்டும்.
* அசைந்தாடும் பொறியில் நின்றுகொண்டு, ஏற்றம் முழுவதும் நிலக்கரியை அள்ளிப் போடுவது ஃபயர்மேன்களுக்குக் கடும் உழைப்பாக இருந்தது.
* புகைபோக்கியிலிருந்து தெறிக்கும் தணல், கோடைக்காலத்தில் பாதையோரக் காட்டில் தீப்பற்றச் செய்யும் வாய்ப்பு இருந்தது.
* நாடு முழுவதும் நீராவிப் பொறிகள் கைவிடப்பட்ட பின்னர், ஒரே ஒரு சிறு பாதைக்காக ஏற்ற தர நிலக்கரியைத் தொலைவிலிருந்து வரவழைப்பது கடினமாயிற்று.

சித்தரஞ்சன் ஆலையில் நீராவிப் பொறிகளின் உற்பத்தி 1972இல் நின்றது. அகலப் பாதையில் வழக்கமான நீராவி வண்டிகள் 1995இல் முடிவுக்கு வந்தன. எக்ஸ் வகைப் பொறிகளைக் கட்டிய சுவிஸ் ஆலையும் 1990களின் இறுதியில் பிரித்து விற்கப்பட்டது. ஆகவே எரிபொருளுக்கு மட்டுமின்றி, உதிரி உறுப்புகளுக்கும் தொழில் தெரிந்த கைகளுக்கும் பற்றாக்குறை ஏற்பட்டது. குன்னூரிலிருந்து உதகமண்டலம் வரையிலான பகுதியில் பற்சட்டம் இல்லை. எனவே அங்கு டீசல் பொறிகள் பயன்படுத்தப்பட்டன. பற்சட்டப் பகுதிக்கு எக்ஸ் வகையே தேவைப்பட்டது.

எண்ணெய் எரிமுறை

நீராவிப் பொறியில் எண்ணெய் எரிப்பது புதிய கருத்தன்று. உருசியாவில் தாமசு உர்க்கார்ட் 1880களிலேயே பெட்ரோலியக் கழிவெண்ணெயைக் கொண்டு பொறிகளை இயக்கினார். இங்கிலாந்தில் சேம்சு ஹோல்டன் 1893இல் எண்ணெய் எரிக்கும் பொறி ஒன்றை அமைத்தார்.

உலை எண்ணெய் குளிர்ந்த நிலையில் பாகு போன்று தடித்திருக்கும். எனவே முதலில் அதனைச் சூடாக்கி இளக்க வேண்டும். பிறகு நீராவி, அழுத்தப்பட்ட காற்று அல்லது எக்கியின் அழுத்தம் கொண்டு நுண்துளிகளாகத் தெறிக்கச் செய்ய வேண்டும். துளி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு விரைவாக அது காற்றுடன் கலந்து முழுமையாக எரியும். துளி பெரிதாக இருந்தாலோ காற்று குறைந்தாலோ கரும்புகை எழும். தீக்குழாய்களில் கரி படியும். படிந்த கரி வெப்பத்தை நீருக்குக் கடத்தாமல் தடுப்பதால் எரிபொருளும் வீணாகும்.

நிலக்கரிப் பொறி ஒன்றை எண்ணெய்க்கு மாற்றும்போது பொதுவாக மாறும் பகுதிகள் பின்வருமாறு:

* எரிதட்டும் சாம்பற் தொட்டியும் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் தீச்செங்கற்கள் பதித்த அடித்தட்டு அமைக்கப்படும். எண்ணெய்ச் சுடர் கொதிகலனின் உலோகத் தகட்டை நேரே தாக்காமல் இச்செங்கற்கள் காக்கின்றன; சுடர் தணியும்போது வெப்பத்தைத் தேக்கியும் வைக்கின்றன.
* எரியறையில் எரிப்பான் பொருத்தப்படும்.
* நிலக்கரி வைக்கும் இடத்தில் எண்ணெய்த் தொட்டியும் அதனைச் சூடாக்கும் அமைப்பும் இடம்பெறும்.
* எண்ணெயின் அளவையும் காற்றின் அளவையும் கட்டுப்படுத்தும் அடைப்பிதழ்கள் ஓட்டுநர் அறையில் அமையும்.

கொதிகலனின் அடிப்படை, நான்கு உருளைகள், பற்சக்கரங்கள், இணைப்புத் தண்டுகள் ஆகியவை மாறுவதில்லை. வேறு விதமாகச் சொன்னால், வெப்பம் உண்டாகும் முறை மட்டும் மாறுகிறது. வெப்பம் இயக்கமாகும் முறை மாறுவதில்லை.

ஏற்றத்தில் செல்லும் கொதிகலனுக்கு மற்றொரு கவனமும் தேவை. 12க்கு 1 ஏற்றத்தில் 3 மீட்டர் நீளக் கொதிகலனின் இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்டத்தில் 25 செ.மீ. வேறுபாடு உண்டாகும். எரியறையின் மேற்தகடு எந்நேரமும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் தகடு பழுத்து இளகி விபத்து நேரலாம். எண்ணெய்ச் சுடரைக் கூட்டுவதும் குறைப்பதும் நொடியில் நிகழ்வதால் தகடுகள் விரைவாகச் சூடேறிக் குளிர்கின்றன. இவ்வாறு மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் குழாய்களின் பொருத்துவாயில் கசிவு தோன்றும். எண்ணெயிலுள்ள கந்தகம் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கவும் கூடும்.

ஓர் எளிய கணக்கு

எரிபொருளின் தேவையைப் பின்வரும் எடுத்துக்காட்டால் உணரலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான உயர வேறுபாடு ஏறத்தாழ 1,370 மீட்டர். பொறியும் பெட்டிகளுமாக 100 டன் எடையை இவ்வுயரத்திற்கு ஏற்றுவதற்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 1,340 மெகாசூல் ஆகும். நீராவிப் பொறியின் திறன் 6 விழுக்காடு எனக் கொண்டால், எரிபொருளிலிருந்து ஏறத்தாழ 22,400 மெகாசூல் வெப்பம் கிடைக்க வேண்டும். உலை எண்ணெயின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 40 மெகாசூல் என்றும், நிலக்கரியின் மதிப்பு 20 மெகாசூல் என்றும் கொண்டால், எண்ணெய் 560 கிலோவும் நிலக்கரி 1,120 கிலோவும் தேவைப்படும்.

உராய்வு, நிறுத்தங்களில் வீணாகும் வெப்பம், முதலில் கொதிகலனைச் சூடேற்றுவதற்கான எரிபொருள் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை. எனவே உண்மைத் தேவை இதனினும் கூடுதலாகும். எனினும் சுமக்க வேண்டிய எரிபொருளின் எடை எண்ணெய் முறையில் பாதியாகிறது என்பது இதனால் விளங்கும். தன் எரிபொருளைத் தானே சுமந்து மலையேறும் பொறிக்கு இது சிறிய நன்மையன்று.

37395ஆம் எண் பொறியும் டார்ஜிலிங் முயற்சியும்

நீலகிரியில் 37395 என்ற எண்ணுடைய எக்ஸ் வகைப் பொறி 2000களின் தொடக்கத்தில் எண்ணெய் எரிமுறைக்கு மாற்றப்பட்டது. இதே கோட்பாட்டைப் பின்பற்றி, டார்ஜிலிங் இமாலயத் தொடர்வண்டியின் 787ஆம் எண் பொறியும் மாற்றப்பட்டது. அப்பொறியில் எரிப்பானையும் நீரூட்டும் எக்கியையும் இயக்குவதற்கென்று டீசல் மின்னாக்கி ஒன்று ஏற்றப்பட்டது. நிறுத்தி அமைப்பிற்கு டீசலில் இயங்கும் காற்றழுத்தி ஒன்றும், கொதிகலனுக்குச் செல்லும் நீரை முன்கூட்டியே சூடாக்கும் அமைப்பும் சேர்க்கப்பட்டன.

டார்ஜிலிங் முயற்சி வெற்றி பெறவில்லை. புதிய கருவிகளால் அச்சிறு பொறியின் தோற்றம் பெரிதும் மாறியது. சோதனை ஓட்டங்களும் மனநிறைவு அளிக்காததால் அது வழக்கமான பணிக்கு வரவில்லை. 2011இன் தொடக்கத்தில் அது மீண்டும் நிலக்கரிக்கு மாற்றப்படுவதற்காகத் திந்தாரியா பணிமனையில் காத்திருந்தது.

இரு பாதைகளிலும் எடுத்துக்கொண்ட கோட்பாடு ஒன்றே, விளைவு வேறு. டார்ஜிலிங் பொறி மிகச் சிறியது. கூடுதல் கருவிகளுக்கு அதில் இடமும் குறைவு, எடை தாங்கும் அளவும் குறைவு. எக்ஸ் வகைப் பொறி அதனைவிடப் பெரியது. பழைய பொறியொன்றில் புதிய உறுப்பைப் பொருத்தும்போது, அவ்வுறுப்பு தனித்து நன்றாக இயங்குகிறதா என்பது மட்டும் போதாது. அப்பொறியின் எடைப் பங்கீடு, இடம், வெப்பப் பரப்பு ஆகியவற்றுடன் அது ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு இவ்விரு முயற்சிகளும் சான்றாகும்.

பொன்மலையில் கட்டப்பட்ட புதிய பொறிகள்

எரிமுறையை மாற்றினாலும் பழைய பொறிகளின் சட்டகமும் கொதிகலனும் வயதானவை. ஒன்றைப் பழுதுபார்க்கும்போது மற்றொன்று பழுதாகும் நிலை இருந்தது. எனவே பழைய பொறிகளின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு புதிய பொறிகளையே கட்டும் பணி பொன்மலைப் பணிமனையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2010களின் முதற்பாதியில் 37396 முதல் 37399 வரையிலான எண்களுடன் எண்ணெய் எரிக்கும் நான்கு எக்ஸ் வகைப் பொறிகள் அங்குக் கட்டப்பட்டன.

நீராவிப் பொறிகளின் உற்பத்தி நின்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின் இப்பணி நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. உருளை வார்ப்பு, பற்சக்கரம் வெட்டுதல், அடைப்பிதழ் இயக்க அமைப்பைச் சரிப்படுத்துதல் போன்றவை டீசல் பொறிகளின் பழுதுபார்ப்பில் பயன்படாத திறன்கள். ஆப்ட் முறைப் பற்சக்கரத்தின் பல்லளவு, நூறாண்டுக்கு முன் பதிக்கப்பட்ட பற்சட்டத்துடன் பொருந்தியாக வேண்டும். ஆதலால் இதில் வடிவமைப்பாளருக்கு விருப்பம்போல் மாற்றும் உரிமை இல்லை. பொறியைப் புதிதாகக் கட்டினாலும் பாதை பழையதே.

நிலக்கரிக்குத் திரும்புதல்

ஆகத்து 2021இல், நிலக்கரி எரிக்கும் புதிய எக்ஸ் வகைப் பொறி ஒன்று 37400 என்ற எண்ணுடன் பொன்மலையிலிருந்து வெளிவந்தது. எண்ணெய்க்கு மாறிய பாதையில் மீண்டும் நிலக்கரிப் பொறி கட்டப்பட்டது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் நீராவி வண்டியைக் காண வரும் பயணிகளுக்கு நிலக்கரித் தீ, அதன் மணம், ஃபயர்மேனின் வேலை ஆகியவையும் அம்மரபின் பகுதியே. 2000களின் தொடக்கத்தில் பாதையை இயங்கச் செய்வதே முதற்கவலையாக இருந்தது. பொறிகளின் எண்ணிக்கை போதுமான நிலையை எட்டிய பின்னரே, எவ்வாறு இயங்க வேண்டும் என்ற கேள்விக்கு இடம் உண்டாயிற்று எனலாம்.

பிற நாடுகளில்

எக்ஸ் வகையைக் கட்டிய அதே விண்டர்தூர் ஆலை, 1992இல் சுவிட்சர்லாந்தின் பிரியன்சு ரோத்தோர்ன் மலைப்பாதைக்காக எண்ணெய் எரிக்கும் புதிய பற்சட்ட நீராவிப் பொறியைக் கட்டியது. அங்குப் பழைய வடிவத்தைப் படியெடுக்காமல், இலேசான எண்ணெயை எரித்து ஒருவரே இயக்கக்கூடிய முற்றிலும் புதிய வடிவமைப்பு மேற்கொள்ளப்பட்டது.

வியட்நாமின் தா லாத் மலைப்பாதையில் ஓடிய சுவிஸ் பற்சட்டப் பொறிகள் 1990இல் தாய்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஃபுர்கா மலைப்பாதையில் ஓடுவதற்காகச் சீரமைக்கப்பட்டன. அங்குப் பழைய பொறியையே மீட்கும் வழி பின்பற்றப்பட்டது. பொன்மலையின் வழி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பொறி புதியது, வடிவம் பழையது, எரிமுறை மட்டும் தேவைக்கேற்ப மாறியது.

மரபுரிமை குறித்த விவாதம்

நீலகிரி மலைப்பாதை 2005இல் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில், டார்ஜிலிங் பாதையின் விரிவாகச் சேர்க்கப்பட்டது. 2008இல் கல்கா சிம்லா பாதையும் இணைந்த பின்னர் இம்மூன்றும் இந்திய மலைத் தொடர்வண்டிகள் எனப் பட்டியலில் வழங்குகின்றன. இவை அருங்காட்சியகப் பொருள்கள் அல்ல. பயணிகளை ஏற்றிச் செல்லும் பாதைகள். எனவே உறுப்புகள் தேய்வதும் மாற்றப்படுவதும் தவிர்க்க இயலாதவை.

மாற்றத்தை எதிர்ப்போர், எரியறையும் எரிபொருளும் மாறினால் பொறியின் ஒலியும் புகையும் இயக்குவோரின் கைத்திறனும் மாறிவிடும் என்பர். ஆதரிப்போர், ஓடாத பொறி மேடையில் நிற்கும் இரும்பு மட்டுமே என்றும், நான்கு உருளைக் கூட்டு விரிவும் பற்சக்கர இயக்கமும் தொடர்ந்து செயற்படுவதே உண்மையான பாதுகாப்பு என்றும் கூறுவர். 1994இல் சப்பானின் நாரா நகரில் உருவான உண்மைத்தன்மை குறித்த ஆவணம், மரபுச் சின்னத்தின் உண்மைத்தன்மையைப் பொருளை மட்டும் கொண்டு அளவிடாமல், வடிவம், பயன்பாடு, மரபு, நுட்பம் ஆகியவற்றையும் கொண்டு அளவிட வேண்டும் என்கிறது.

இக்கேள்வி பொன்மலைக்கு அருகிலுள்ள திருவரங்கத்திற்கும் புதியதன்று. பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்ற அரங்கநாதர் கோயிலின் இராசகோபுரம் 1987இல் கட்டி முடிக்கப்பட்டது. அக்கோயிலில் நடைபெற்ற சீரமைப்புப் பணி 2017இல் யுனெசுக்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. வழிபாடு நிற்காத கோயிலில் திருப்பணி செய்வதும், ஓட்டம் நிற்காத பாதையில் பொறியைப் புதுப்பிப்பதும் ஒரே வகைச் சிக்கலைக் கொண்டவை. இரண்டிலும் பயன்பாட்டை நிறுத்தாமல், எது அடையாளம், எது தேய்பொருள் எனப் பிரித்தறிய வேண்டியுள்ளது.

இத்தகைய பணிகளில் மாற்றத்தை மீட்கக்கூடியதாகச் செய்வது நல்ல வழிமுறையாகக் கருதப்படுகிறது. நீக்கப்பட்ட எரிதட்டையும் பழைய உறுப்புகளையும் அழிக்காமல் காத்தல், ஒவ்வொரு மாற்றத்தையும் வரைபடத்துடன் பதிவு செய்தல், புதிய உறுப்பில் கட்டப்பட்ட ஆண்டைப் பொறித்தல் ஆகியவை அதற்கு உதவும். எண்ணெய்க்கு மாறிய பின்னும் நிலக்கரிப் பொறியை மீண்டும் கட்ட முடிந்ததற்குக் காரணம், அதன் வடிவமைப்பு பற்றிய அறிவு அழியாமல் இருந்ததே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* நீலகிரி மலைத் தொடர்வண்டி
* பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனை
* டார்ஜிலிங் இமாலயத் தொடர்வண்டி
* பற்சட்டத் தொடர்வண்டிப் பாதை
* நீராவிப் பொறி